அறிக்கையில் எழுதாத காரணம்

“தாளில் மட்டும் எழுதிவிடாதே தம்பி.” அயர்லாந்தின் கிளேர் கவுண்டியில் அந்தப் பெரியவர் சொன்னது ஆறு வருடமாக என் காதில் இருக்கிறது.

குழாய் பதிக்க நான் குறித்த தடம் அவர் வயலுக்குள் போனது. குறுக்கே இடுப்பளவு உயரத்தில் பிறை போல வளைந்த மண்கரை, அதன்மேல் ஒற்றை ஹாதார்ன் முள்மரம். வட்டத்தின் மறுபாதி எப்போதோ உழவில் கரைந்துவிட்டது. பொக்லைன் ஓட்டுபவர் உள்ளூர்க்காரர். கரையைப் பார்த்ததும் எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கிவிட்டார்.

ஃபேரி ஃபோர்ட். ஃபேரி என்ற மாயக்குலத்தார் குடியிருப்பதாக நம்பப்படும் பழைய வட்டக் கோட்டை. அயர்லாந்து முழுக்க இப்படி 40,000-க்கும் மேல் உண்டு. பெரும்பாலானவை சுமார் கி.பி. 500-க்கும் 1000-க்கும் இடையில், குடும்பங்கள் மாடுகன்றோடு வாழ வளைத்துக் கட்டிய இடங்கள். கிராமத்தில் கேட்டால் அங்கே ‘நல்லவர்கள்’ இருக்கிறார்கள் என்பார்கள். ஃபேரி என்று வாய்விட்டுச் சொல்லத் தயங்குவார்கள். கரையை வெட்டினால் மாடு சாகும், வெட்டிய கை விளங்காமல் போகும். அந்தப் பயத்தை நான் இளக்காரமாக நினைத்ததே இல்லை. சுதந்திர அயர்லாந்தில் நினைவுச்சின்னச் சட்டம் 1930-ல்தான் வந்தது. அதுவரை இந்தக் கரைகளுக்கு வேறு என்ன காவல் இருந்தது?

“என் வரைபடத்தில் இங்கே எதுவும் இல்லையே” என்றேன்.

“இருக்காது. இருந்தால் ஆட்கள் வந்து தோண்டுவார்கள். உள்ளே குழந்தைகளும் இருக்கிறார்கள்” என்றார்.

ஞானஸ்நானம் பெறாமல் இறந்த சிசுக்களுக்குத் தேவாலயக் கல்லறையில் இடம் தராத வழக்கம் அங்கே இருபதாம் நூற்றாண்டிலும் இருந்தது. இருட்டிய பிறகு தூக்கிப்போய் இப்படிப்பட்ட கோட்டைகளுக்குள்ளும் புதைத்தார்கள். அப்படிப் புதைத்த இடத்துக்குக் கில்லீன் என்று பெயர். அவர் அதைச் சொன்னாரா, நல்லவர்கள் தூக்கிப்போனதாகச் சொல்லும் பிள்ளைகளைச் சொன்னாரா? கேட்டிருக்க வேண்டும். அவர் முகத்தைப் பார்த்த பிறகு எனக்கு வாய் வரவில்லை. அவருடைய வீட்டுக் குழந்தையாகவே இருக்கலாம் என்று அன்றிரவு படுத்த பிறகுதான் தோன்றியது.

தடத்தை 14 மீட்டர் நகர்த்தினேன். அறிக்கையில் ‘ஈரக் களிமண்’ என்று காரணம் எழுதினேன். மண் ஈரமாகத்தான் இருந்தது. ஆனால் நான் நகர்த்தியது அதற்காக அல்ல.

சரி, கரை தப்பியது, மரம் தப்பியது, அவர் சொல்லையும் காப்பாற்றினேன். இதில் என்ன தவறு என்று பல நாள் என்னையே தேற்றியிருக்கிறேன். அப்புறம் லட்டூன் என்ற இடம் நினைவுக்கு வரும். அதே கவுண்டியில் 1999-ல் கதைசொல்லி எடி லெனிஹன், ஃபேரிகளின் மரம் என்று சொல்லி ஒரு முள்மரத்துக்காக ஊரறியப் பேசினார். புதுச்சாலை அந்த மரத்தை விட்டுவைத்தது. அவர் காரணத்தை மறைக்கவில்லை. என் வயல்கரை நினைவுச்சின்னப் பதிவேட்டில் ஏறிய இடமாக இருந்தால், கைவைக்க இரண்டு மாதம் முன்பே அறிவிப்பு தர வேண்டியிருந்தது. ஏறாத கரைக்கு அந்தப் பெரியவர்தான் காவல். அதைத் தெரிந்துகொண்டே களிமண் என்று எழுதினேன். அது மரியாதையா, மேலதிகாரியிடம் ஃபேரி என்று சொல்லக் கூசியதா? இரண்டும் கலந்திருந்தது.

பெரியவர் இப்போது இல்லை. வயல் விற்பனைக்கு வந்திருப்பதாகப் பொக்லைன் ஓட்டுநர் போன வாரம் செய்தி அனுப்பினார். தொல்லியல் பிரிவுக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். இடம், கரையின் அளவு, மரம் எல்லாம் எழுதியாயிற்று. குழந்தைகளைப் பற்றிய வரியை இரண்டு முறை எழுதி இரண்டு முறையும் அழித்திருக்கிறேன்.