கயிறு பிடிப்பவரின் பக்கத்திலிருந்து

உயரத்தில் நடுங்கும் பிள்ளையிடம் "பயப்படாத" என்று சொல்வதை நான் விட்டுக் கனகாலம். மட்டக்களப்பின் கல்லடியில் சனிக்கிழமைகளில் பிள்ளைகளுக்கு, மேலிருந்து தொங்கும் நீளத் துணியில் ஏறவும், இரண்டு கயிறுகளில் ஊசலாடும் ட்ரபீஸ் கம்பில் தொங்கவும் பழக்குகிறேன். கூடவே ஒரு நாடக டீச்சரும் நிற்பார். பாதித் துணியில் ஒரு பிள்ளைக்குக் கால் நடுங்கத் தொடங்கினால், கீழே நிற்கிற பெரியவர்கள் வாயில் முதலில் வருவது அந்தச் சொல்தான். அதைக் கேட்டதும் பிள்ளை இன்னும் இறுகிப்போகும். "துணியை வலது காலின் வெளிப்பக்கத்தால எடு, இடது பாதத்தால மிதிச்சுப் பிடி, இப்ப மூச்சை விடு" என்று சொன்னால் பிள்ளை அதைச் செய்யும். செய்யச் செய்ய நடுக்கம் தானாகக் குறையும்.

இதை எனக்குப் பழக்கியது மாலைதீவு. எங்கள் வயதுப் பொடியன்கள் கட்டாருக்கும் மாலைதீவுக்கும் ஹோட்டல் வேலை தேடிப் போன காலத்தில் நானும் போனேன். எனக்கு வேலை கிடைத்த ஹோட்டலில் கடற்கரை ஓரமாகப் பறக்கும் ட்ரபீஸ் கட்டியிருந்தார்கள். ஏறக்குறைய ஏழு மீற்றர் உயரத்தில் நிற்கும் பலகை, அதற்கு ஏறிப்போக ஒடுங்கிய ஏணி, இரண்டு பக்கமும் கம்பி வடங்கள் இழுத்துப் பிடித்த தூண்கள், கீழே முழு நீளத்துக்கும் வலை. விருந்தினர்கள் விளையாட்டாக ஏறிப் பறப்பார்கள். அவர்களைப் பாதுகாக்கும் கயிற்றைத் தரையில் நின்று பிடிப்பதுதான் எனக்குத் தந்த வேலை.

வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு அது சும்மா நிற்கிற வேலையாகத் தெரியும். பறப்பவரின் இடுப்பில் அகலமான பெல்ட் இருக்கும். அதன் இரு பக்கமும் கொளுவிய கயிறுகள் மேலே கப்பிகளுக்குள் போய், ஒன்றாகக் கீழே ஒருவரின் கைக்கு வரும். பறப்பவர் முன்னுக்குப் போகும்போது கயிற்றை விட வேண்டும், பின்னுக்கு வரும்போது வாங்க வேண்டும். கூட இறுக்கினால் ஊசல் கெட்டுவிடும். கூடத் தளர்த்தினால் கயிறு இருந்தும் பயனில்லை. கை நழுவி விழுந்தால் வேகத்தைக் குறைத்து, முதுகு வலையில் படும்படி இறக்க வேண்டும். வலைதானே என்று காலை ஊன்றி விழுந்தால் கணுக்காலும் முழங்காலும் போய்விடும்.

கொஞ்ச நாளில், கண்ணுக்குத் தெரியாத ஒன்று கயிற்றில் தெரியத் தொடங்கியது. பயந்த ஆள் மூச்சை அடக்குவார். தோள் காதுவரை ஏறும், முழங்கை மடங்கும். உடனே ஊசல் குட்டையாகி, கயிறு சின்னச் சின்ன வெட்டு வெட்டும். மேலே அவர் சிரித்துக்கொண்டிருப்பார், பிள்ளைகளுக்குக் கையும் காட்டுவார். கயிற்றிடம் அந்தச் சிரிப்பு எடுபடாது. பயம் உடம்பில் எங்கே குடியிருக்கிறது என்பதை நான் ஏறிப் பார்க்க முன்னமே, இப்படித்தான் அறிந்துகொண்டேன்.

அப்படி அறிந்ததனால் என்னுடைய பயம் குறைந்துவிடவில்லை. ஒரு மாலையில், விருந்தினர்கள் போன பிறகு, என்னையும் ஏறச் சொன்னார்கள். ஏணியில் ஏறும்போதே உள்ளங்கை வேர்த்து வழுக்கியது. பலகையில் நின்று கையில் வெள்ளை மக்னீசியத் தூளைப் பூசிக்கொண்டேன். இரண்டு காலின் பெருவிரல்களும் பலகை விளிம்புக்கு வெளியே நிற்க வேண்டும். இடது கை பின்னால் உள்ள கம்பியைப் பிடித்திருக்க, வலது கையில் ட்ரபீஸ் கம்பைத் தருவார்கள். அது நினைத்ததைவிடப் பாரமாக இருந்தது, ஆளையே முன்னுக்கு இழுத்தது. பிறகு இடது கையையும் கம்பிக்குப் பின்னாலிருந்து எடுத்து ட்ரபீஸ் கம்புக்குக் கொண்டுவர வேண்டும். அந்த நேரத்தில் இடுப்பு வெறும் வெளிக்கு மேல் சாய்ந்து நிற்கும். பின்னால் பெல்ட்டைப் பிடித்து நிற்கிறவரின் ஒரு கையில்தான் முழு உடம்பும். பறப்பதைவிடக் கஷ்டமான இடம் அதுதான். இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன்.

"ரெடி" என்றால் முழங்காலை மடிக்க வேண்டும். "ஹெப்" என்றால் ஒரு சின்னத் துள்ளல், அவ்வளவுதான். ஊசல் போய்த் திரும்ப ஏறக்குறைய நான்கு வினாடி எடுக்கும். முன்பக்க உச்சியில் உடம்பு ஒரு கணம் பாரமில்லாமல் போகும். கால்களைக் கைகளுக்கு நடுவால் தூக்கிக் கம்பில் மாட்ட வேண்டிய நேரம் அதுதான். அரை வினாடி பிந்தினால் முழுப் பாரமும் திரும்பி வந்துவிடும், பிறகு எவ்வளவு பலசாலியாலும் காலைத் தூக்க முடியாது. பயம் செய்கிற பெரிய கெடுதல் இதுவென்று சொல்வேன். பயந்தவருக்குக் காது அடைத்துவிடும், கீழிருந்து சொல்லும் குரல் பிந்தித்தான் கேட்கும். அன்றைக்கு எனக்குக் குரல் கேட்டது. காரணம், கயிறு யாருடைய கையில் என்று எனக்குத் தெரியும். என்னோடு ஒரே அறையில் தங்கியிருந்த, ஒரு கயிற்றையும் கவனமில்லாமல் தொடாத ஒரு நேபாளத் தம்பி. அவருடைய கை எந்த நேரம் விடும், எந்த நேரம் வாங்கும் என்று என் உடம்புக்கே தெரிந்திருந்தது.

பறக்கும் ட்ரபீஸை உலகத்துக்குக் காட்டியவர் ஜூல் லியோதார் என்ற பிரெஞ்சுக்காரர். 1859 நவம்பர் 12 அன்று பாரிசில் ஆடிக் காட்டினார். துலூஸ் நகரில் அவருடைய தகப்பன் ஓர் உடற்பயிற்சிக்கூடம் நடத்தினார். அங்கே நீச்சல் தடாகத்துக்கு மேலே கம்புகளைத் தொங்கவிட்டுத்தான் மகன் பழகினார். விழுந்தால் தண்ணீர். அந்தத் தண்ணீர் இல்லாவிட்டால் இந்தக் கலையே பிறந்திருக்குமோ என்று நான் யோசிப்பதுண்டு. 1982 ஜூலை 10 அன்று அமெரிக்காவின் டூசோன் நகரில், மிகேல் வாஸ்கெஸ் காற்றில் நான்கு குட்டிக்கரணம் அடித்துச் சாதனை படைத்தார். மறுபக்கம் தலைகீழாகத் தொங்கி அவருடைய மணிக்கட்டைப் பிடித்தவர் அவருடைய அண்ணன் குவான். குவானின் பெயரையும் சேர்த்துத்தான் நான் பிள்ளைகளுக்குச் சொல்வேன்.

ஊருக்குத் திரும்பியபின் பறக்கும் ட்ரபீஸ் கட்டுவதைப் பற்றி நினைத்தே பார்க்கவில்லை. அதற்கு வேண்டிய நிலமும் வலையும் வடங்களும் எங்கள் கைக்கு எட்டாதவை. ஐந்து மீற்றர் உயரத்தில் ஓர் இரும்புச் சட்டகம் போதும் என்று முடிவெடுத்தோம். மண்டபக் கூரைத் தீராந்தியில் கட்டலாமே என்று பலர் சொன்னார்கள். கூரை, ஓடுகளையும் மழையையும் தாங்கச் செய்தது. முப்பது கிலோப் பிள்ளை துணியில் சுற்றி, சடுதியாக அவிழ்ந்து இறங்கி நிற்கும்போது மேலே விழும் இழுவை அந்தப் பிள்ளையின் நிறையைப்போல் சில மடங்கு. ஒரு பொறியியலாளர் கணக்குப் பார்த்துத் தந்தபிறகுதான் வெல்டிங் கடைக்குப் போனோம். கடல் பக்கம் என்பதால் உப்புக்காற்று இரும்பைச் சும்மா விடாது. ஒவ்வொரு சனிக்கிழமையும் கொளுக்கிகளின் பூட்டு, சுழலி, துணியின் மடிப்பு எல்லாவற்றையும் பிள்ளைகளின் கண்முன்னே தொட்டுப் பார்ப்பேன். பிள்ளைகளையும் தொட்டுப் பார்க்க வைப்பேன். தேங்காய் பறிக்கிற ஒரு பெரியவர் ஒருநாள் வந்து, முடிச்சுகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்துவிட்டு, "இது நிக்கும்" என்றார். வாழ்நாள் முழுக்கக் காலில் ஒரு கயிற்று வளையத்தை நம்பி மரம் ஏறியவர். அவர் சொன்னபிறகு சில வீடுகளில் பிள்ளைகளை அனுப்ப மனம் வந்தது.

பாடத்தை எப்படி அடுக்குவது என்பதற்கு வெளிநாட்டு முறை ஏதும் எனக்குத் தேவைப்படவில்லை. எங்கள் கூத்தில் அது இருக்கிறது. முதலில் சட்டம், அதாவது அவரவர் பாத்திரத்தின் பாட்டும் வசனமும் எழுதியது, கொடுப்பார்கள், பிறகு தாளக்கட்டு, ஆட்டம். கால் தாளத்துக்குப் பழகியபின்தான் சதங்கை அணிவது. கிழமைக்கூத்து, அடுக்குப் பார்த்தல் என்ற ஒத்திகைகள் எல்லாம் முடிந்துதான் அரங்கேற்றம். கூத்துப் பழக்கும் அண்ணாவியார் எந்தப் பிள்ளையையும் முதல்நாளே வட்டக்களரி மேடையில் ஏற்றிவிடமாட்டார். எங்கள் பிள்ளைகளும் தரையில் இருந்தபடியே காலில் துணியைச் சுற்றி, அவிழ்த்து, கண்ணை மூடிக்கொண்டும் சுற்றப் பழகுவார்கள். பிறகு இடுப்பளவு உயரம், பிறகு என் தலையளவு. டீச்சர் வாயால் தாளம் சொல்வார். தாளத்தோடு ஏறும் பிள்ளை மூச்சை அடக்க முடியாது, தாளமே மூச்சை வெளியே எடுத்துவிடும். இந்த யோசனை டீச்சருடையது. நான் கண்ட வழிகளுக்குள் இதைவிடச் சிறந்தது இல்லை. மேலே நிற்கிற பிள்ளை "மறுகா ஒருக்கா ஏறட்டா?" என்று கேட்கும்போது, அந்த உயரம் முடிந்தது, அடுத்ததுக்குப் போகலாம் என்று எங்களுக்கு விளங்கும்.

பிள்ளைகளைவிடப் பெற்றோரின் பயம் ஆழமானது. அதில் நியாயமும் உண்டு. ஒரு தாய் எப்போதும் கேற்றுக்கு வெளியே, முதுகைக் காட்டிக்கொண்டுதான் இருப்பார். 2004 டிசம்பர் 26 சுனாமியில், கடலோரத்து நாவலடியில் சின்னப் பிள்ளையாக மரக்கிளையைப் பிடித்துக்கொண்டு தப்பியவர் என்று டீச்சர் சொன்னார். கை நழுவினால் என்ன நடக்கும் என்று கண்ணால் கண்டவரிடம், ஒன்றும் நடக்காது என்று சொல்ல எனக்கு வாய் வராது.

கச்சான் காற்று அடித்த ஒரு பின்நேரம் அவரை உள்ளே கூப்பிட்டேன். மகள் பெல்ட் கட்டி, ட்ரபீஸ் கம்பில் முழங்காலை மாட்டித் தொங்கப்போகிற நேரம். "தங்கச்சி, எனக்குப் பின்னால நின்று இந்தக் கயித்தைப் பிடிங்க" என்றேன்.

"நான் பிடிச்சு என்ன அண்ணன், எனக்குக் கை நடுங்குது."

"நடுங்கட்டும். முன்னால நான் பிடிச்சிருக்கன். நீங்க பாரத்தை மட்டும் பாருங்க."

அவர் மகளைப் பார்க்கவில்லை, கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். பிள்ளை கைகளை விட்டுத் தலைகீழானதும் கயிறு ஒருமுறை இழுபட்டு நின்றது. அந்த இழுவை என் கையைக் கடந்து அவருடைய கைக்கும் போயிருக்கும். "இவ்வளவுதானா பாரம்?" என்று கேட்டார். பிறகுதான் தலையை நிமிர்த்தி மேலே பார்த்தார்.

இப்போது அவரும் வேறு சில தாய் தகப்பன்மாரும் கயிறு பிடிக்கப் பழகுகிறார்கள். முப்பது கிலோ மணல் மூட்டையை மேலே ஏற்றி, சொல்லாமல் அவிழ்த்துவிடுவோம். அவர்கள் அதை மெத்தையில் மெதுவாக இறக்க வேண்டும். சிலர் நல்லாய்ச் செய்கிறார்கள், அந்தத் தாய் எல்லோரையும்விட நல்லாய். ஒரு பிள்ளையின் பாரத்தை இன்னும் நான் யாரிடமும் தனியாகக் கொடுக்கவில்லை. கதைத்துக்கொண்டு நிற்கும்போது மூட்டை விழுந்தாலும் கை தன்பாட்டில் இறுகுகிற வரைக்கும் கொடுக்கவும் மாட்டேன். மாரி தொடங்க முன் இரண்டு பேராவது அந்த நிலைக்கு வந்துவிடுவார்கள் என்று நினைக்கிறேன்.