அரண்மனைச் சாவி

லண்டன் ஹார்னிமன் அருங்காட்சியகம் 2022-இல் இன்றைய நைஜீரியாவில் இருந்த பெனின் ராஜ்ஜியத்தின் 72 பொருள்களின் உரிமையை நைஜீரியாவுக்கே திருப்பிக் கொடுத்தது. பித்தளைத் தகடுகள், ஒரு சேவல், அப்புறம் அரசரின் அரண்மனைச் சாவி ஒன்று. சாவி! 1897-இல் பிரிட்டிஷ் படை அரண்மனையைச் சூறையாடி, அரசரை நாடுகடத்தி, ஆயிரக்கணக்கில் அள்ளிக்கொண்டு போனபோது சாவியைக்கூட விட்டுவைக்கவில்லை என்பதை நினைத்தால் மனசு ஆறமாட்டேன் என்கிறது.

பிரிட்டிஷ் மியூசியம் மட்டும் சேகரிப்பில் உள்ளதைக் கொடுத்துவிடுவதைப் பெரும்பாலும் தடுக்கும் 1963-ஆம் வருடச் சட்டத்தையே இன்னும் காட்டிக்கொண்டிருக்கிறது. அதனிடம் இருக்கும் பெனின் அரசி இடியாவின் தந்த முகமூடி, தலைக்கு மேலே குட்டிக் குட்டிப் போர்த்துகீசிய முகங்கள் வரிசையாகச் செதுக்கியது, அதை 1977-இல் நைஜீரியாவின் லாகோஸில் நடந்த கலை விழாவுக்கு இரவலாகக் கேட்டும் தரவில்லை. கொள்ளை நடந்ததென்று விளக்கப் பலகையில் எழுதினால் போதுமா? சட்டம் போட்டது அவர்கள் நாடாளுமன்றம்தானே, திருத்துங்கள், பொருளைக் கொடுங்கள்.