சியாங் மாயில் ஓய்வுக்கால விசா: பாஸ்புக்கும் கல்யாணச் சான்றிதழும்

வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, 2024-ல் நானும் என் மனைவியும் தாய்லாந்தின் சியாங் மாய்க்குக் குடிவந்தோம். இங்கே தங்குவதற்கு 50 வயதும் 8 லட்சம் பாட்டும் (பாட் என்பது தாய்லாந்து நாணயம்) இருந்தால் போதும் என்று வருவதற்கு முன்பே கேள்விப்பட்டிருந்தோம். அது சரிதான். ஆனால் அந்தப் பணம் எப்போது வந்தது, எங்கிருந்து வந்தது, எத்தனை நாள் அசையாமல் கிடந்தது என்பதைத்தான் அதிகாரிகள் பார்க்கிறார்கள். எங்களைப் போல வர நினைக்கும் தமிழ்த் தம்பதிகள் வீட்டிலிருந்து கிளம்புவதற்கு முன்பே தெரிந்துகொள்ள வேண்டியவை சில உண்டு. அதனால்தான் விரிவாக எழுதுகிறேன்.

நாங்கள் வந்தது நான்-இமிகிரன்ட் ஓ விசாவில். அதில் 90 நாள் தங்கலாம். அதற்குள் உள்ளூர் குடியேற்ற அலுவலகத்தில் ஓய்வுக்காலம் என்ற காரணத்தைக் காட்டி ஓராண்டு நீட்டிப்பு வாங்க வேண்டும். ஓஏ என்று இன்னொரு விசாவும் இருக்கிறது. அதற்கு மருத்துவக் காப்பீடு கட்டாயம். எங்கள் வயதில் பிரீமியம் மிக அதிகம் என்பதால் ஓ விசாவையே எடுத்தோம். ஆஸ்பத்திரிச் செலவுக்கென்று தனியாக ஒரு தொகையை ஒதுக்கி வைத்திருக்கிறோம், அதைத் தொடுவதில்லை.

90 நாள் என்றால் தாராளமாகத் தெரியும். கணக்குப் போட்டால் அப்படி இல்லை. விண்ணப்பிக்கும் நாளுக்கு முன் 2 மாதம் 8 லட்சம் பாட் தாய்லாந்து வங்கியில் நம் பெயரில் இருந்திருக்க வேண்டும். அப்படியானால் வந்து இறங்கிய முதல் மாதத்துக்குள் பணம் கணக்கில் விழுந்தாக வேண்டும். பணம் வரக் கணக்கு வேண்டும். கணக்குத் திறக்க முகவரிக்கு அத்தாட்சி வேண்டும். அந்த அத்தாட்சியைக் குடியேற்ற அலுவலகம் தர வேண்டுமானால், வெளிநாட்டுக்காரர் ஒருவர் தன் வீட்டில் தங்கியிருக்கிறார் என்று வீட்டுக்காரர் 24 மணி நேரத்துக்குள் பதிவு செய்திருக்க வேண்டும். டிஎம் 30 என்பது அந்தப் பதிவுதான். ஆக, எல்லாவற்றுக்கும் ஆரம்பம் வீட்டுக்காரர்.

அதனால் வீடு பார்க்கும்போதே, அட்வான்ஸைக் கையில் கொடுப்பதற்கு முன், "டிஎம் 30 போட்டுத் தருவீர்களா?" என்று கேட்டுவிடுங்கள். சில வீட்டுக்காரர்கள் மழுப்புவார்கள். வாடகை வருமானம் வரிக் கணக்கில் ஏறிவிடும் என்ற பயம் அவர்களுக்கு. பால்கனி, மலை தெரியும் ஜன்னல், எல்லாம் பிடித்திருந்தும் ஒரு வீட்டை நாங்கள் இதற்காகவே விட்டுவிட்டோம். இப்போது இருக்கும் வீட்டின் சொந்தக்கார அம்மா, நாங்கள் சாவி வாங்கிய அன்று சாயங்காலமே இணையத்தில் பதிந்து, அந்தத் துண்டுச் சீட்டை அச்செடுத்துக் கொண்டுவந்து கொடுத்தார். அது இன்றும் என் பாஸ்போர்ட்டுக்குள் இருக்கிறது.

வங்கிக் கணக்குதான் எங்களை அலையவிட்டது. ஒரே வங்கியின் இரண்டு கிளைகளில் இரண்டு விதமான பதில். ஒரு கிளையில் வேலை அனுமதிப் பத்திரம் இல்லாமல் முடியாது என்றார்கள். ஓய்வு பெற்றவனிடம் வேலை அனுமதியைக் கேட்டால் எங்கே போவது? வேறொரு கிளையில் குடியேற்ற அலுவலகம் கொடுத்த வசிப்பிடச் சான்றையும் வாடகை ஒப்பந்தத்தையும் பார்த்துவிட்டு அன்றைக்கே பாஸ்புக் கொடுத்தார்கள். கவுன்டரில் உட்காரும் ஆள் எப்படியும் மேலிடத்தைக் கேட்டுத்தான் சொல்ல வேண்டும், வங்கியில் இருந்தவனாக எனக்கு அது புரிந்தது. அதனால் வாக்குவாதம் செய்யாமல் அடுத்த கிளைக்குப் போவதே நல்லது.

அப்புறம் பணம். இந்தியாவிலிருந்து குடியிருப்பாளராக ஒருவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரை அனுப்பலாம் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. தொகை அதற்குள் அடங்கிவிடும். ஆனால் நாங்கள் அனுப்பிய சமயத்தில், ஒருவர் ஆண்டுக்கு 7 லட்சம் ரூபாய்க்கு மேல் அனுப்பினால் மேல்தொகைக்கு 20 சதவீதம் டிசிஎஸ் (அனுப்பும்போதே வங்கி வசூலிக்கும் வரி) பிடித்தார்கள். 2025 ஏப்ரலிலிருந்து அந்த வரம்பு 10 லட்சம். இது நமக்கு நஷ்டம் இல்லை. வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம், மிச்சம் இருந்தால் திரும்ப வரும். ஆனால் அதுவரை அந்தப் பணம் கைக்கு வராது. அந்தத் தொகையையும் சேர்த்து ஏற்பாடு செய்துகொண்டு கிளம்ப வேண்டும். நானும் மனைவியும் ஆளுக்கொரு பங்காக அனுப்பியதில் பிடித்தம் குறைந்தது. பணம் வெளிநாட்டிலிருந்து நேராக வந்தது என்று பாஸ்புக்கில் தெரிய வேண்டும் என்பதால் வங்கி வழியாக ஸ்விஃப்ட் முறையில்தான் அனுப்பினோம். சுளையாக 8 லட்சம் பாட் மட்டும் அனுப்பாதீர்கள். நடுவில் இருக்கும் வங்கிகள் கட்டணம் எடுத்துக்கொள்ளும். ஒரு பாட் குறைந்தாலும் 2 மாதக் கணக்கு தொடங்காது.

எங்களை மிகவும் கவலைப்பட வைத்தது கல்யாணச் சான்றிதழ். ஒரே 8 லட்சத்தில் கணவன் ஓய்வு பெற்றவராகவும் மனைவி அவரைச் சார்ந்தவராகவும் நீட்டிப்பு வாங்கலாம். அதற்குத் திருமணம் அரசாங்கத்தில் பதிவாகியிருக்க வேண்டும். எங்கள் தலைமுறையில் யார் பதிவு செய்தோம்? மண்டபம், நாதஸ்வரம், பத்திரிகை, ஆல்பம், அதோடு சரி. தமிழ்நாட்டில் எல்லாத் திருமணத்தையும் பதிய வேண்டும் என்ற சட்டமே 2009-ல்தான் வந்தது. நல்லவேளை, இது கிளம்புவதற்கு முன்பே தெரிந்துவிட்டது. பேரன் பேத்தி எடுத்த பிறகு, பழைய கல்யாணப் பத்திரிகையோடு சாட்சிகளையும் கூட்டிக்கொண்டு சார்பதிவாளர் அலுவலகத்தில் போய் நின்றோம். என் மனைவி அன்று பட்டுப் புடவை கட்டிக்கொண்டு வந்தாள். "என்னங்க, இதுவும் கல்யாணம்தானே" என்றாள். அந்தச் சான்றிதழுக்கு மாநில அரசு, வெளியுறவு அமைச்சகம், சென்னையில் இருக்கும் தாய்லாந்துத் துணைத் தூதரகம் என்று வரிசையாக முத்திரை வாங்கி, இங்கே வந்ததும் தாய் மொழியில் பெயர்த்து, இந்த நாட்டு வெளியுறவு அமைச்சகத்திலும் சான்று வாங்கினோம். வெளிநாட்டில் சேர்ந்து தங்க நினைக்கும் தம்பதிகள் வேறு எதையும் தொடுவதற்கு முன் இதை முடித்துவிட வேண்டும். இங்கே வந்த பிறகு தேடினால் 90 நாளுக்குள் கிடைக்காது.

நீட்டிப்புக்கு விண்ணப்பித்த நாளைச் சொல்கிறேன். சியாங் மாயில் குடியேற்ற அலுவலகம் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. அதற்கு முன்னால் வங்கி. வங்கி கொடுக்கும் கடிதத்தில் அன்றைய தேதி இருக்க வேண்டும். பாஸ்புக்கிலும் அன்றைய தேதியில் ஒரு வரி இருக்க வேண்டும். சும்மா மெஷினில் விட்டால் புது வரி எதுவும் அச்சாகாது. அதனால் 100 பாட் கட்டி, பிறகு பாஸ்புக்கை மெஷினுக்குள் விட்டேன். டர்ரென்று ஒரு வரி விழுந்தது. அந்த ஒரு வரிக்காகவே அந்த 100 பாட். அப்புறம் பாஸ்புக்கின் எல்லாப் பக்கத்தையும் ஜெராக்ஸ் எடுத்து, ஒவ்வொன்றிலும் நீல மையில் கையெழுத்து. டிஎம் 7 படிவம், 4க்கு 6 சென்டிமீட்டர் போட்டோ, ஒருவருக்கு 1,900 பாட் கட்டணம்.

வீட்டுக்கு வரும் வழியைப் படமாக வரைந்து தரவும் சொன்னார்கள். அதை என் மனைவி வரைந்தாள். புத்த விகாரை, அதன் எதிரே துணி வெளுக்கும் கடை, சந்து திரும்பும் முனையில் ஒரு பெரிய மாமரம், மூன்றாவது கேட். அதிகாரி அந்தப் பெண் பாஸ்புக்கை ஒரு ஸ்கேல் வைத்து வரி வரியாகப் பார்த்துக்கொண்டே வந்தார். பணம் வந்த தேதியில் பென்சிலால் ஒரு சின்ன வட்டம், அன்று காலை விழுந்த வரியில் இன்னொரு வட்டம். இரண்டுக்கும் நடுவில் விரல் விட்டு மாதத்தை எண்ணினார். அந்தப் படத்தைப் பார்த்ததும் சிரித்து, மாமரத்தைத் தொட்டுக் காட்டி, தனக்கும் அந்த இடம் தெரியும் என்றார். முத்திரை விழுந்தது.

முத்திரையோடு எல்லாம் முடிந்துவிடாது. பணத்தை அடுத்த 3 மாதம் 8 லட்சத்துக்குக் கீழே இறக்கக் கூடாது. அதற்குப் பிறகும் ஆண்டு முழுக்க 4 லட்சத்துக்குக் குறையாமல் வைத்திருக்க வேண்டும். அடுத்த நீட்டிப்புக்கு முன் மறுபடி 8 லட்சத்தைத் தொட வேண்டும். எங்கள் வீட்டில் அந்தக் கணக்கு வெறும் விசாவுக்கு மட்டும். அன்றாடச் செலவுக்கு வேறு கணக்கு. 90 நாளுக்கு ஒரு தடவை முகவரியைத் தெரிவிக்கும் டிஎம் 47-உம் உண்டு. கெடுவுக்கு 15 நாள் முன்பிலிருந்து 7 நாள் பின்பு வரை நேரில் போகலாம். மறந்தால் 2,000 பாட் அபராதம். நாட்காட்டியில் இதற்கென்று சிவப்பு வட்டம் போட்டிருக்கிறோம்.

ரீ-என்ட்ரி பெர்மிட்டை மட்டும் யாரும் அசட்டையாக விடாதீர்கள். அது இல்லாமல் நாட்டை விட்டு வெளியே கால் வைத்தால் ஓராண்டு நீட்டிப்பு அங்கேயே செத்துவிடும், முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஒரு முறைக்கு 1,000 பாட், பல முறைக்கு 3,800 பாட். ஊரில் பெரியவர்கள் இருக்கும் எவருக்கும் நான் சொல்வது, பல முறைக்கானதையே வாங்குங்கள். என் அக்கா காலமான செய்தி ஒரு ராத்திரியில் வந்தது. விடிவதற்குள் கிளம்பினோம். விசாவைப் பற்றி அந்த நேரத்தில் யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

மற்றபடி இங்கே வாழ்க்கை சுகம். நவம்பர் முதல் ஜனவரி வரை காலையில் ஸ்வெட்டர் போடும் குளிர். சோங்தே என்னும் சிவப்பு ஷேர் வண்டியில் ஏறி வாரோரோட் சந்தைக்குப் போனால் முருங்கைக்காய் உட்பட நமக்கு வேண்டிய பல காய்கள் கிடைக்கும். சைவம் சாப்பிடுபவர்களுக்கு மீன் சாஸ்தான் தொல்லை. சைவ உணவுக்கு அடையாளமான மஞ்சள் கொடி தொங்கும் கடைகளில் பயமில்லாமல் சாப்பிடலாம். பிப்ரவரி பிற்பாதியிலிருந்து ஏப்ரல் வரை காட்டுத் தீயும் வயல் எரிப்பும் சேர்ந்து புகை மண்டும், எதிரே நிற்கும் தோய் சுதேப் மலையே தெரியாது. ஆஸ்துமா இருப்பவர்கள் அந்த மாதங்களில் தெற்கே கடற்கரைப் பக்கம் போய்விடுவது நல்லது. இந்த விசாவில் வேலை செய்யக் கூடாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஊர்க் காரியங்களும் கூடவே வரும். நவம்பரில் பென்ஷனுக்கான உயிர்வாழ் சான்று. சியாங் மாயிலேயே இந்தியத் துணைத் தூதரகம் இருப்பது எங்களுக்குப் பெரிய வசதி. இந்தியாவில் சேமிப்புக் கணக்கை, வெளிநாட்டில் வசிப்பவர்களுக்கான என்ஆர்ஓ கணக்காக மாற்றிக்கொண்டோம். 2024 முதல், ஆண்டில் 180 நாள் இங்கே இருப்பவர் அந்த ஆண்டிலிருந்து வெளிநாட்டில் ஈட்டிய வருமானத்தை இங்கே கொண்டுவந்தால் வரிக் கணக்கில் வரும். அதனால் பழைய சேமிப்பைக் காட்டும் 2023 வரையிலான ஸ்டேட்மென்ட்டுகளை ஒரு கோப்பில் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

ஒன்று மட்டும் என் மனதை உறுத்திக்கொண்டே இருந்தது. என் மனைவி இங்கே இருப்பது என்னைச் சார்ந்து. எனக்கு ஏதாவது ஆகிவிட்டால் அவளுடைய நீட்டிப்பும் நிற்காது. என் பெயரில் இருக்கும் கணக்கையும் வங்கி முடக்கிவிடும், நீதிமன்றம் நிர்வாகியை நியமிக்கும் வரை எடுக்க முடியாது. துக்கத்தோடு துக்கமாக அவள் பெட்டியைக் கட்ட வேண்டியிருக்கும். இதை நினைத்துத் தூக்கம் வராமல், இங்குள்ள வழக்கறிஞரிடம் தாய்லாந்துச் சொத்துக்கென்று தனி உயில் எழுதினேன். அவளுக்கும் 50 தாண்டிவிட்டது, தன் பெயரிலேயே ஓய்வுக்கால நீட்டிப்பு வாங்கத் தகுதி உண்டு. வெளிநாட்டுக்குப் பணம் அனுப்புவதற்கான வரிப் படிவங்களான 15சிஏ, 15சிபியை ஆடிட்டரிடம் வாங்கி என்ஆர்ஓ கணக்கிலிருந்து இன்னொரு 8 லட்சம் பாட்டுக்கு ஏற்பாடு செய்தோம். போன வாரம் அது அவள் கணக்கில் விழுந்தது. இப்போது 2 மாதக் கணக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. அடுத்த நீட்டிப்புக்கு அவள் தன் பாஸ்புக்கோடு தனி டோக்கன் எடுப்பாள்.