பின்பக்கத்துக் கீச்சுச் சத்தம்

வேகத்தடையில் ஏறி இறங்கும்போது காரின் பின்பக்கம் கீச்சென்று கத்தினால், பட்டறையில் முதலில் சொல்வது "ஷாக் அப்சார்பர் போச்சு சார்" என்பதுதான். எனக்கு இதில் உடன்பாடில்லை. ஷாக் போனால் பெரும்பாலும் எண்ணெய் கசியும், வண்டி குதித்துக்கொண்டே போகும். கீச்சுச் சத்தம் அநேகமாக ரப்பரின் வேலை.

எங்கள் ஹேட்ச்பேக்கில் பின்பக்கம் டார்ஷன் பீம், அதாவது இரண்டு பின்சக்கரங்களையும் இணைக்கும் இரும்புச் சட்டம். மழை நாளில் சத்தமே இருக்காது, வெயில் அடித்ததும் திரும்ப வந்துவிடும். அதுவே பெரிய துப்பு. காய்ந்த ரப்பர் ஈரம் பட்டால் கொஞ்ச நேரம் வாயை மூடிக்கொள்ளும்.

வாசலில் வண்டியை நிறுத்தி, தம்பியை டிக்கிப் பக்கம் அழுத்தி அழுத்தி விடச் சொன்னேன். நான் தண்ணீர் ஸ்ப்ரேயோடு குனிந்து ஒவ்வொரு இடமாக நனைத்தேன். ஸ்பிரிங்கின் அடி ரப்பர், ஷாக்கின் கீழ்ப் புஷ் (இரும்புக் கூட்டுக்குள் இருக்கும் ரப்பர் உருளை), சைலன்சர் தொங்கும் ரப்பர், எதிலும் மாற்றமில்லை. பீமின் இடது முன் புஷ்ஷில் தண்ணீர் பட்டதும் சத்தம் நின்றது. டார்ச் அடித்துப் பார்த்தால் விளிம்போரம் வெடிப்பு. இரும்போடு ஒட்டியிருந்த ரப்பர் பிரிந்து கிடந்தது.

அங்கே இன்ஜின் ஆயில் தடவாதீர்கள், இயற்கை ரப்பர் ஊறி உப்பிவிடும். சிலிக்கான் கிரீஸ் பரவாயில்லை, ஆனால் வெடித்த புஷ்ஷுக்கு அது தற்காலிகம்தான். இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்றினேன்.

அப்புறம், வண்டி ஜாக்கியில் தொங்கும்போது புஷ் போல்ட்டைக் கடைசி முறுக்கு முறுக்கக் கூடாது. சக்கரத்தில் முழு எடை இறங்கிய பிறகே முறுக்க வேண்டும். இல்லாவிட்டால் ரப்பர் எப்போதும் முறுகிய நிலையிலேயே இருந்து சீக்கிரம் கிழிந்துவிடும். பக்கத்தில் நின்று இதைச் செய்ய வையுங்கள்.