பேரி சாண்டர்ஸா, வால்டர் பேட்டனா, யார் பெரிய ஆட்டக்காரர்?
அமெரிக்கக் கால்பந்தில் பந்தை வாங்கிக்கொண்டு ஓடுகிற ரன்னிங் பேக்குகளில் பிறவித் திறமை என்றால் டெட்ராய்ட் லயன்ஸின் பேரி சாண்டர்ஸ்தான், அதில் எனக்கு மறுபேச்சே இல்லை. ஐந்தடி எட்டு அங்குல மனிதர், நாலு பேர் வளைத்துக்கொண்ட இடத்தில் சட்டென்று நின்று, இடுப்பை ஒரு வெட்டு வெட்டி எதிர்ப்பக்கம் போய்விடுவார், பிடிக்க வந்தவர் வெறுங்கையோடு தரையில் கிடப்பார். 1997-ல் ஒரே சீசனில் 2,053 கெஜம்!

சரி, ஆனாலும் என் ஓட்டு சிகாகோ பேர்ஸின் வால்டர் பேட்டனுக்குத்தான். சீசன் இல்லாத மாதங்களில் செங்குத்தான மேட்டில் மூச்சு முட்ட ஏறி ஏறி ஓடுவார், கூட ஓட வந்தவர்களால் ஈடுகொடுக்க முடியாது. 13 சீசனில் அவர் ஆடாமல் விட்டது ஒரே ஒரு ஆட்டம். 1977-ல் காய்ச்சலோடு இறங்கி மின்னசோட்டா அணிக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 275 கெஜம் ஓடினார், அப்போது அதுதான் சாதனை. கோட்டுக்கு வெளியே ஒதுங்கித் தப்பித்துக்கொள்ளக்கூடிய இடத்திலும் தோளைக் கொடுத்து மோதிவிட்டுத்தான் விழுவார், அந்தப் பிடிவாதம் யாருக்கு வரும்?

அப்புறம் டல்லாஸ் கௌபாய்ஸின் ரன்னிங் பேக் எம்மிட் ஸ்மித். ஒரு ஆட்டத்தில் தோள்பட்டை விலகியும் ஆடி 168 கெஜம் எடுத்த வீரம் பெரிதுதான். ஆனால் அவருக்கு முன்னால் எதிராளிகளைத் தடுத்து வழி திறந்துவிட டல்லாஸின் அசுரத் தடுப்பு வரிசை நின்றது, பேட்டனுக்கு ஆரம்ப வருடங்களில் அந்தக் கொடுப்பினை இல்லை.