‘நப்ராவோ’ என்றால் எந்தப் பக்கம்?

ரஷ்ய மொழியில் ‘நப்ராவோ’ என்றால் வலப்பக்கம். பல்கேரியனில் அதே ‘நப்ராவோ’ என்றால் நேரே. இரு மொழிக்கும் பொதுவான சிரில்லிக் எழுத்தில் 7 எழுத்தும் அப்படியே ஒன்று. அழுத்தம் விழுவதும் இரண்டிலும் நடு அசையில்தான். வண்டிகளுக்கு வழி சொல்லும் செயலிகளுக்கு மொழிபெயர்ப்பவர்களை இந்தச் சொல் படுத்துகிற பாடு வேறெந்தச் சொல்லும் படுத்துவதில்லை. இரு மொழியிலும் சரியான சொல் என்பதால் எழுத்துப்பிழை திருத்தி வாயே திறக்காது. பல்கேரியனில் வலப்பக்கத்துக்குச் சொல் ‘நத்யாஸ்னோ’.

ஒரே சொல் இப்படிப் பிரிந்தது எப்படி? இந்த மொழிகளுக்கெல்லாம் மூதாதையான பழைய ஸ்லாவியத்தில் ‘ப்ராவ்’ என்ற வேருக்கு நேரான, வளையாத என்றுதான் பொருள். நேரானது சரியானதாயிற்று, சரியானது சட்டமாயிற்று. ரஷ்ய மொழியில் ‘ப்ராவோ’ சட்டம், உரிமை, ‘ப்ராவ்தா’ உண்மை, ‘ப்ராவிலோ’ விதி. அந்தக் கடைசிச் சொல்லில் அழுத்தத்தை இரண்டாம் அசைக்கு நகர்த்தினால், கொத்தனார் பூச்சை இழுத்து மட்டம் பார்க்கும் நீளப் பலகை கையில் வந்துவிடும். பழைய பொருள் கட்டடச் சாரத்தின் மேல் இன்னும் வேலை பார்த்துக்கொண்டிருக்கிறது! தமிழிலும் ‘நேர்’ ‘நேர்மை’ ஆகியிருக்கிறது. ஆனால் நாம் அதோடு நின்றுவிட்டோம். ரஷ்யர், உக்ரைனியர், போலந்துக்காரர், செக் மக்கள் இன்னும் ஓர் அடி போய், ‘சரியான கை’ என்று வலக்கைக்கே அந்தப் பெயரை வைத்துவிட்டார்கள்.

வலப்பக்கத்துக்கு அதற்கு முன்பு இருந்த சொல் ‘தெஸ்ன்’. லத்தீன் ‘தெக்ஸ்தெர்’, சமஸ்கிருத ‘தக்ஷிண’ இரண்டும் அதன் உறவுகள். கிழக்குப் பார்த்து நின்றால் வலக்கைப் பக்கம் தெற்கு. நமக்குத் தட்சிணாயனம் வந்த வழி அது. தெற்கு ஸ்லாவிய மொழிகள் இந்தப் பழஞ்சொல்லை விடவில்லை: செர்பியன், குரோவேஷியன், ஸ்லோவேனியன், மாசிடோனியன் நான்கிலும் ‘தெஸ்னோ’. அதனால் ‘ப்ராவோ’ அங்கே பழைய வேலையிலேயே இருந்துகொண்டது. பெல்கிரேடில் வழி கேட்டால் ‘ஸாமோ ப்ராவோ’ என்பார்கள்: நேரே போய்க்கொண்டே இரு. மாஸ்கோக்காரர் காதில் அது வலப்பக்கமாகத்தான் விழும். ரஷ்யத்தில் பழஞ்சொல் தேவாலயத்துக்குள் ஒதுங்கிவிட்டது. விசுவாசப் பிரமாணத்தில் தந்தையின் வலப்பக்கம் வீற்றிருப்பதைச் சொல்ல ‘ஒதெஸ்னுயு’ என்றே இன்றும் பாடுகிறார்கள். கீவ் அருகே தினீப்பர் ஆற்றில் சேரும் தெஸ்னா ஆற்றின் பெயரும் இதே வேர்தான் என்பார்கள். ஆனால் அது இடக்கரைத் துணையாறு! ஆற்றை எதிர்த்து மேலேறி வந்தவர்களுக்கு அது வலக்கைப் பக்கம் இருந்தது என்று அதற்கு ஒரு விளக்கம் உண்டு.

இடப்பக்கத்தால் தொல்லை கிடையாது. ‘லெவ்’, ‘லிவ்’, ‘ல்யாவ்’ என்று உச்சரிப்பு மாறினாலும் பொருள் மாறாது. ‘நேரே’தான் அடுத்த குழி. போலிஷில் அது ‘ப்ரோஸ்தோ’. ரஷ்யர் அதை ‘சும்மா, எளிதாக’ என்று புரிந்துகொள்வார். ரஷ்யத்தில் நேரே என்பதற்கு ‘ப்ரியாமோ’, செக்கில் ‘ரோவ்னியே’.

வேலையில் பிழை பெரும்பாலும் இரண்டு இடத்தில் நுழைகிறது. ஒன்று, ஆங்கில ‘ரைட்’ என்ற ஒற்றைச் சொல் மொழிபெயர்ப்பு மென்பொருளில் தனிக் கட்டத்தில் வருவது: பக்கமா, சரி என்பதா, உரிமையா? ரஷ்யத்தில் மூன்றுக்கும் மூன்று சொல். முழு வாக்கியம், பக்கத்தில் அம்புக்குறிப் படம் இரண்டும் இல்லாமல் அந்தக் கட்டத்தைத் தொடக்கூடாது. மற்றொன்று, பழைய மொழிபெயர்ப்புகளின் சேமிப்பு. ரஷ்ய, பல்கேரிய வரிகள் ஒரே கோப்பில் கிடந்தால், ‘நூற்றுக்கு நூறு பொருத்தம்’ என்று மென்பொருள் தவறான வரியை நம்பிக்கையோடு நீட்டும். மொழிக் குறியீடு வாரியாகச் சேமிப்பைப் பிரித்து வைப்பது ஒன்றே வழி. சரிபார்க்கும் பல்கேரியரிடம் மூல வாக்கியத்தைக் காட்ட வேண்டாம். மொழிபெயர்ப்பை மட்டும் கொடுத்து அம்புக்குறி வரையச் சொன்னால் போதும். மூலம் கண்ணில் பட்டால் மனம் தானாக அதற்கு இசைந்துவிடும்.

தொலைபேசியில் ஓட்டுநருக்கு வாய்மொழியாகச் சொல்லும்போது பக்கச் சொல்லோடு ஓர் அடையாளமும் வேண்டும்: பெட்ரோல் பங்க் இருக்கும் பக்கம், பாலத்துக்கு முன்னால். ‘புரிந்ததா’ என்று கேட்பது வீண். எந்த அடையாளத்தின் பக்கம் திரும்பப் போகிறார் என்று அவரையே சொல்லவிட வேண்டும். நேரில் என்றால் தலையசைப்பையும் நம்ப முடியாது. பல்கேரியாவில் ‘ஆம்’ என்பதற்குத் தலையைப் பக்கவாட்டில் ஆட்டுவார்கள்.