74 மைக்ரான்

கருப்பு வண்டி என்றாலே, கார்களுக்குப் பாலிஷ் போடுகிற எனக்குக் கொஞ்சம் வயிற்றைக் கலக்கும். வெள்ளையிலும் வெள்ளி நிறத்திலும் ஒளிந்துகொள்ளும் கீறல் எல்லாம் கருப்பில் முன்னால் வந்து நிற்கும். அதிலும் லம்போர்கினி கல்லார்டோ மாதிரி உடம்பெல்லாம் மடிப்பும் விளிம்புமாக இருக்கிற வண்டி என்றால், மிஷினைக் கையில் எடுக்கும் முன்பே மனதுக்குள் கணக்கு ஓட ஆரம்பித்துவிடும்.

அந்த வண்டி வந்து இறங்கியபோது நிழலில் பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது. உள்ளே கொண்டுவந்து பக்கவாட்டில் விளக்கைப் பிடித்ததும் பானெட் முழுக்கச் சிலந்தி வலை. (கல்லார்டோவுக்கு என்ஜின் பின்னால்தான். முன்னால் இருப்பது சாமான் வைக்கும் சின்ன இடம். இருந்தாலும் பழக்கத்தில் பானெட் என்றே சொல்கிறோம்.) விளக்கை நகர்த்தினால் வலையும் கூடவே நகர்ந்தது. யாரோ வட்டம் வட்டமாகத் துடைத்ததால் வந்தது என்றுதான் இதைப் பார்க்கிற பலரும் நினைப்பார்கள். அப்படி இல்லை. கீறல்கள் எல்லாத் திசையிலும்தான் ஓடுகின்றன. அவற்றில் விளக்குக்குக் குறுக்கே கிடப்பவை மட்டும் ஒளியை நம் கண்ணுக்குத் திருப்பிவிடுவதால் விளக்கைச் சுற்றி வளையம் வளையமாகத் தெரிகிறது. எந்தத் திசையில் துடைத்தாலும் துணியில் மண் இருந்தால் கீறல் விழத்தான் செய்யும்.

வண்டிக்காரருக்கு இந்த வலை பெரிதாகத் தெரியவில்லை. வலது பின் ஃபெண்டரில், சக்கர வளைவுக்குச் சற்று மேலே, விரல் நீளத்துக்கு ஒரு கீறல் இருந்தது. அதைத்தான் தொட்டுக் காட்டினார். "எனக்கு இது ஒண்ணுதான் உறுத்துது. இதை மட்டும் எப்படியாவது எடுத்துடுங்க." நகத்தை வைத்து இழுத்துப் பார்த்தேன். மாட்டியது. நகம் மாட்டுகிற கீறல் பாலிஷில் முழுதாகப் போகாது. அப்போதே சொல்லியிருக்கலாம். ஆனால் பெயின்ட்டின் கனத்தை அளக்கும் மீட்டரை வைத்துப் பார்க்காமல் எதையும் சொல்லக் கூடாது என்பது என் வழக்கம். பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று அனுப்பிவைத்தேன்.

இந்த வேலையில் பாதி கழுவுவதிலேயே இருக்கிறது. முதலில் நுரை அடித்து ஊறவிட்டு, மேலாக இருக்கும் மண்ணைத் தண்ணீரோடு இறக்க வேண்டும். அப்புறம் இரண்டு வாளி, ஒன்றில் ஷாம்பு, மற்றதில் அலசுவதற்கு வெறும் தண்ணீர். கூரையில் தொடங்கி, கடைசியில்தான் கீழ்ப்பகுதி. இரும்புத் துகளைக் கரைக்கிற மருந்தை அடித்தால் பிரேக் தூள் ஒட்டிய இடமெல்லாம் ஊதா நிறமாக வழியும். அழுகிய முட்டை மாதிரி ஒரு நாற்றம் வரும். அதற்கும் மசியாமல் ஒட்டிக்கொண்டிருப்பதை, களிமண் மாதிரிப் பிசையக்கூடிய களிக்கட்டி எடுக்கும். கையில் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டு பெயின்ட்டைத் தடவிப் பார்த்தால், வெறும் கைக்குத் தெரியாத சொரசொரப்பு தெரியும். களிக்கட்டி தரையில் விழுந்துவிட்டால் எடுத்துத் துடைத்து மறுபடி பயன்படுத்தக் கூடாது, தூக்கிப் போட்டுவிட வேண்டும். எவ்வளவு புதிதாக இருந்தாலும் சரி.

வண்டி காய்ந்ததும் மீட்டரை எடுத்தேன். மீட்டர் காட்டுவது உலோகத்துக்கு மேலே இருக்கும் எல்லா அடுக்கும் சேர்ந்த மொத்த கனம். அடியில் துருவைத் தடுக்கும் பூச்சு, அதன் மேல் பிரைமர், அதற்கு மேல் நிறம், எல்லாவற்றுக்கும் மேலே நிறமில்லாத கிளியர் கோட். பாலிஷ் போடுவது இந்தக் கடைசி அடுக்கில் மட்டும்தான். கம்பெனி பெயின்ட்டில் அது சாதாரணமாக 35 முதல் 50 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வரை இருக்கும். தலைமுடி ஒன்றின் கனத்தில் ஏறக்குறைய பாதி. வெயிலின் புற ஊதாக் கதிரைத் தாங்கும் பொருளும் அந்த அடுக்கில்தான் இருக்கிறது. அதை அதிகம் தேய்த்துவிட்டால் அன்றைக்குக் கண்ணாடி மாதிரி மின்னும். நாள் போகப் போக வெளுத்து, தோல் உரிகிற மாதிரி உரியத் தொடங்கும்.

பானெட்டில் 118, 115, 121. கூரையில் 110. இடது பின் ஃபெண்டரில் 112. எல்லாம் நல்ல எண்கள். வலது பின் ஃபெண்டருக்கு வந்தேன். 109, 96, 88. கீறலுக்குப் பக்கத்தில் 74.

மீட்டரைத் துடைத்துவிட்டு இன்னொரு தடவை வைத்தேன். மறுபடியும் 74.

அந்தக் கீறலை எடுக்க எனக்கு முன்பே யாரோ முயன்றிருக்கிறார்கள். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பளபளப்பைத் திரும்பக் கொண்டுவந்து, கீறல் போகாததால் பாதியில் விட்டிருக்கிறார்கள். இடது பக்கத்து 112-இல் இருந்து 74-ஐக் கழித்தால் 38. ஒரு கிளியர் கோட்டின் கனம் கிட்டத்தட்ட முழுதாகப் போயிருக்கிறது. அந்த இடத்தில் இன்னும் பத்து மைக்ரான் மிச்சம் இருக்கலாம், இரண்டு மைக்ரான்கூட இருக்கலாம். மீட்டரால் அடுக்கைப் பிரித்துச் சொல்ல முடியாது.

நான் தொழில் கற்றுக்கொண்ட காலத்தில் ரோட்டரி மிஷினை (ஒரே அச்சில் வேகமாகச் சுழலும் பாலிஷ் மிஷின்) வைத்து ஒரு சிவப்பு வண்டியின் கதவு விளிம்பைச் சுட்டுவிட்டேன். ஓரங்களிலும் மடிப்புகளிலும் பெயின்ட் இயல்பாகவே மெல்லியதாக நிற்கும் என்று சொல்லிக்கொடுத்திருந்தார்கள். டேப் ஒட்டச் சொல்லியிருந்தார்கள். ஒரே ஒரு விளிம்புதானே என்று ஒட்டாமல் விட்டேன். மிஷினில் மாட்டியிருந்த வெள்ளை பேடைத் திருப்பிப் பார்த்தபோது அதில் சிவப்பு. கிளியர் கோட் இல்லாத பழைய கால பெயின்ட்டில் நிறம் பேடில் வருவது சகஜம். கிளியர் கோட் உள்ள வண்டியில் நிறம் வந்துவிட்டால் அங்கே ஓட்டை விழுந்துவிட்டது என்று பொருள். அந்தச் சிவப்பு இன்னும் என் கண்ணை விட்டுப் போகவில்லை. அன்றைக்குப் பிறகு டேப் ஒட்டாமல் நான் மிஷினை ஓட்டியதே இல்லை.

இந்த வகை வண்டிகளில் பெயின்ட் கனமாக இருக்கும் என்று நம்பி இறங்கக் கூடாது. 1987-இல் வந்த ஃபெராரி எஃப்40-இல் எடையைக் குறைப்பதற்காக பெயின்ட்டையே மெல்லியதாக அடித்திருந்தார்கள். சிவப்புக்கு அடியில் கார்பன் நெசவு தெரியும். அது குறை இல்லை, அந்த வண்டியின் அடையாளமே அதுதான். கார்பன் ஃபைபர் மேல் சாதாரண மீட்டர் வேலையும் செய்யாது, அல்ட்ராசோனிக் மீட்டர் வேண்டும். கையில் அது இல்லையென்றால் கார்பன் உடம்பில் காம்பவுண்டை, அதாவது அதிகமாகத் தேய்த்தெடுக்கும் முரட்டு பாலிஷை, தொடாமல் இருப்பதே மரியாதை.

பானெட்டில் அரை மீட்டர் சதுரத்துக்கு டேப் ஒட்டி முதல் சோதனை. எப்போதும் மென்மையானதில்தான் தொடங்குவேன்: மிருதுவான ஸ்பாஞ்ச் பேட், நைசான பாலிஷ். பாதிக் கீறல் போனது, மீதி நின்றது. அடுத்து நடுத்தர பேட், அதே பாலிஷ். இப்போது சரியாக வந்தது. அதற்கு மேல் போகத் தேவையில்லை. எடுத்தவுடனே கம்பளி பேடும் காம்பவுண்டும் போட்டால் வேலை சீக்கிரம் முடியும்தான். ஒன்றிரண்டு மைக்ரானில் முடிய வேண்டிய இடத்தில் ஐந்தாறு போய்விடும். போனது போனதுதான்.

எனக்குப் பிடித்த கட்டம் இங்கேதான் ஆரம்பிக்கிறது. பேடில் பட்டாணி அளவு நான்கு சொட்டு. மிஷினை ஓடவிடாமல் முதலில் சும்மா அழுத்திப் பரப்புவேன், இல்லாவிட்டால் தெறித்துவிடும். அப்புறம் வேகத்தைக் கூட்டி, மேலிருந்து கீழ், இடமிருந்து வலம், ஒவ்வொரு வரியும் முந்தைய வரியின் பாதியை மூடும்படி, நத்தை மாதிரி மெதுவாக. பேட் மாட்டும் தட்டின் ஓரத்தில் கருப்பு மார்க்கரால் ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறேன். டிஏ மிஷின் (சுழன்றுகொண்டே ஊசலாடுகிற வகை) வளைவில் சாய்ந்தால் பேட் சுழல்வது நின்று, வெறுமனே அதிர்ந்துகொண்டிருக்கும். சத்தத்தில் அது சட்டென்று பிடிபடாது. கோடு மங்கலாக ஓடிக்கொண்டிருந்தால் சுழல்கிறது, கோடாகவே தெரிந்தால் நின்றுவிட்டது. நான்கைந்து சுற்றில் பாலிஷ் மெல்லிய எண்ணெய்ப் படலம் மாதிரி தெளிந்து வரும். அந்தத் தெளிவைப் பார்த்ததும் நிறுத்திவிடுவேன். துணியை மடித்து, அழுத்தாமல் ஒரு துடைப்பு.

அங்கே தெரிகிற பளபளப்பை அப்படியே நம்பிவிடக் கூடாது. பாலிஷில் இருக்கும் எண்ணெய் சின்னக் கீறல்களை நிரப்பி மறைத்திருக்கும். ஐசோபுரோபைல் ஆல்கஹால் கலந்த தண்ணீரால் துடைத்து எண்ணெயை எடுத்த பிறகுதான் உண்மை தெரியும். துடைத்துவிட்டு விளக்கைப் பிடித்தேன். டேப்புக்கு அந்தப் பக்கம் வலை, இந்தப் பக்கம் விளக்கின் ஒற்றைப் புள்ளி. எத்தனை வண்டி பார்த்தாலும் இந்த ஒரு கணம் எனக்குச் சலிப்பதில்லை.

மீதி வண்டி இரண்டு நாள் எடுத்தது. பம்பர் பிளாஸ்டிக் என்பதால் அங்கே சூடு பரவிப் போகாமல் ஓரிடத்திலேயே தங்கும். அடிக்கடி புறங்கையை வைத்துப் பார்த்து, ஆறவிட்டு ஆறவிட்டுச் செய்தேன்.

வலது பின் ஃபெண்டரில் மிஷினை வைக்கவில்லை. கையால், மிருதுவான பேடில், நைசான பாலிஷை ஒரே ஒரு தடவை. மங்கல் போய் நிறம் ஆழமாக வந்தது. கீறலின் ஓரம் சற்று மழுங்கியது. தள்ளி நின்று பார்த்தால் தெரியாது. கிட்டே வந்தால் தெரியும்.

வண்டிக்காரர் நேராக அங்கேதான் வந்தார். குனிந்து பார்த்தார். "அப்படியேதான் இருக்கு."

"ஆமா சார். எடுக்கல." மீட்டரை அவர் கையில் கொடுத்து அவரையே வைத்துப் பார்க்கச் சொன்னேன். இடது பக்கம் ஒரு தடவை, வலது பக்கம் ஒரு தடவை. இரண்டு எண்ணையும் வாய்விட்டுப் படித்தார். கொஞ்ச நேரம் பேசவில்லை.

"அப்போ ரீபெயின்ட் பண்ணிடலாமா?"

பண்ணலாம் என்றேன். நன்றாகச் செய்கிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் கம்பெனி பெயின்ட் ஒருமுறை போனால் திரும்பாது. நாளைக்கு இந்த வண்டியை வாங்க வருகிறவரும் இதே மாதிரி ஒரு மீட்டரோடுதான் வருவார், எண் கூடியிருந்தால் என்ன நடந்தது என்று கேட்பார். முடிவு உங்களுடையது என்றேன். கீறல் மேல் விரலை வைத்துக்கொண்டு நின்றார். "இருக்கட்டும்" என்றார்.

எல்லாக் கீறலையும் எடுத்தால்தான் வேலைக்கு மதிப்பு என்று நினைக்கிற டீட்டெய்லர்கள், என்னைப் போல வண்டிக்கு மெருகேற்றுகிறவர்கள், இருக்கிறார்கள். அவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. அந்தப் பின் ஃபெண்டரை 74-க்குக் கொண்டுவந்ததே அப்படிப்பட்ட ஒரு பிடிவாதம்தான்.

பெயின்ட்டுக்குப் பாதுகாப்பாக மேலே செராமிக் கோட்டிங் போட்டு, அது இறுகும்வரை பெயின்ட்டைத் தொடக்கூடாத நேரம் முழுவதும் உள்ளேயே நிறுத்திவைத்து அனுப்பினேன். போகும் முன் ஒரு தாளில் வண்டியின் படம் வரைந்து, ஒவ்வொரு பகுதியிலும் மீட்டர் காட்டிய எண்ணை எழுதி, மடித்து கிளவ் பாக்ஸில் வைத்தேன். அடுத்து இந்த வண்டியைத் தொடப்போகிறவர் யாரென்று எனக்குத் தெரியாது. வலது பின் ஃபெண்டரைச் சிவப்புப் பேனாவால் வட்டமிட்டு, பக்கத்தில் எழுதினேன்: "இங்கே மிஷின் வேண்டாம். கையால் மட்டும்."